டர்போ ஜெயித்தது எப்படி?

2010-ஆம் ஆண்டின் கடைசியில் ஹோண்டா நிறுவனம் ஐரோப்பியச் சந்தைக்கான சிவிக் டைப் ஆர் காரின் தயாரிப்பை நிறுத்தியது. காரணம், அதன் இன்ஜின் யூரோ 5 புகை விதிக்குள் அடங்கவில்லை. 2015-ல் அதே பெயரில் புதிய கார் வந்தது. பழைய காரில் 201 குதிரைத்திறன், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 7,800 சுற்று சுற்றினால்தான். புதிய காரில் 310 குதிரைத்திறன், 6,500 சுற்றிலேயே. இத்தனைக்கும் இன்ஜின் அளவு அதே 2 லிட்டர். முக்கியமான வித்தியாசம் ஒன்றுதான். புதிய இன்ஜினில் ஒரு டர்போ உட்கார்ந்திருந்தது.

மற்ற கம்பெனி என்றால் இதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் ஹோண்டா, டர்போ இல்லாமலேயே எவ்வளவு தூரம் போக முடியும் என்று 25 வருடமாக உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்த கம்பெனி. அதுவே கட்சி மாறியது ஏன்? டர்போ உண்மையிலேயே நல்ல இன்ஜின் என்பதாலா, வேறு வழியில்லாமலா? இதற்குப் பதில் தேட கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இன்ஜினின் மூச்சு

பெட்ரோல் இன்ஜினுக்கு உணவு பெட்ரோல் மட்டுமல்ல, காற்றும்தான். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கஷ்டம். சாதாரண இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே வரும். இதைத்தான் நேச்சுரலி ஆஸ்பிரேட்டட், சுருக்கமாக என்.ஏ. இன்ஜின் என்கிறார்கள். இயல்பாக மூச்சுவிடும் இன்ஜின் என்று சொல்லலாம்.

இந்த இன்ஜினில் அதிக சக்தி வேண்டுமா? இரண்டே வழி. ஒன்று, நுரையீரலைப் பெரிதாக்கு, அதாவது பெரிய இன்ஜின் போடு. இல்லையென்றால் வேகமாக மூச்சுவிடச் சொல், அதாவது அதிக சுற்றில் ஓட்டு.

மூன்றாவது வழிதான் டர்போ. கொல்லன் பட்டறையில் துருத்தி வைத்து ஊதுவது போல, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது. துருத்தியை யார் மிதிப்பது? இன்ஜினிலிருந்து வீணாக வெளியே போகும் சூடான புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்துகிறது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பொருள் இது. ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கப்பல், விமானம், லாரி என்று சுற்றிவிட்டு டர்போ காருக்கு வரவே 57 வருடம் ஆனது.

தண்ணீர் ஊற்ற மறந்தவர்கள்

1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்கு விட்டது. ஒன்று செவர்லே கார்வேர் மான்ஸா ஸ்பைடர். மற்றது ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். இரண்டும் பந்தயக் கார்கள் அல்ல, தினமும் வேலைக்குப் போகிறவர்கள் ஓட்டுவதற்கானவை.

ஜெட்ஃபயரில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின், 215 குதிரைத்திறன். ஆனால் ஒரு சிக்கல். காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்றும் பெட்ரோலும் சேர்ந்தால், பிளக் பொறி மூட்டிய நெருப்பு வந்து சேர்வதற்கு முன்பே அதில் ஒரு பகுதி தானாக எரிந்துவிடும். மெக்கானிக்குகள் இதை "நாக்கிங்" என்பார்கள். உள்ளே சுத்தியலால் தட்டுவது போல சத்தம் வரும், தொடர்ந்தால் பிஸ்டனே போய்விடும். இதைத் தடுக்க ஓல்ட்ஸ்மொபில்காரர்கள் காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் தெளித்தார்கள். அதற்குத் தனியாக ஒரு சின்ன டேங்க். அதை நிரப்ப வேண்டியது ஓட்டுநரின் வேலை.

அங்கேதான் திட்டம் சொதப்பியது. பலர் நிரப்பவில்லை. திரவம் தீர்ந்தால் டர்போவின் அழுத்தம் தானாகக் குறைந்துவிடும், காரும் சாதாரணக் காராகிவிடும். இரண்டு வருடத்தில் 10,000 கார்கூட முடிக்காமல் ஜெட்ஃபயர் நின்றுபோனது. இன்ஜினுக்காகத் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள தினசரி ஓட்டுகிறவர் தயாராக இல்லை. டர்போவுக்குக் கிடைத்த முதல் பாடம் இது.

கண்ணாடியில் தெரிந்த எழுத்து

அடுத்த பாடம் ஜெர்மனியில். 1973 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வந்தது. 2 லிட்டர், 170 குதிரைத்திறன். டர்போ இல்லாத அதன் அண்ணன் 2002 டிஐஐ-யில் 130 தான். சில கார்களின் முன்பக்க ஸ்பாய்லரில் பெயரைத் தலைகீழாக, கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி எழுதியிருந்தார்கள். முன்னே போகிறவர் தன் கண்ணாடியில் பார்த்து வழிவிட வேண்டுமாம்! கண்டனம் கிளம்பியது.

நாக்கிங்கைத் தவிர்க்க இந்தக் காரில் கையாண்ட வழி எளிமையானது. இன்ஜினின் அழுத்த விகிதத்தை டிஐஐ-யின் 9.5-லிருந்து 6.9-க்குக் குறைத்துவிட்டார்கள். விளைவு? டர்போ வேகம் பிடிக்கும்வரை கார் சோம்பேறி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. புகை சேர்ந்து, சக்கரம் சுற்றி, அழுத்தம் ஏறி... திடீரென்று முதுகில் ஒரு உதை. அது பெரும்பாலும் ஒரு வளைவின் நடுவில் விழும். இந்தத் தாமதத்துக்குத்தான் "டர்போ லேக்" என்று பெயர்.

கண்காட்சி முடிந்த அடுத்த மாதமே அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோலுக்கு வரிசை நிற்கும் நாட்டில் இப்படி ஒரு காரை விற்பது கஷ்டம். 1,672 கார்களோடு கதை முடிந்தது.

1974 பாரிஸ் கண்காட்சியில் வந்த போர்ஷே 911 டர்போவும் இதே குணம்தான். 3 லிட்டர், 260 குதிரைத்திறன், அழுத்த விகிதம் 6.5. அது பிழைத்துக்கொண்டது. ஆனால் பயத்தோடு பேசப்படும் காராகப் பிழைத்தது.

ஸ்வீடன் மாற்றிக் கேட்ட கேள்வி

இந்த இடத்தில்தான் ஸாப் வருகிறது. ஸ்வீடனின் சிறிய கம்பெனி. கையில் இருந்தது ஒரு 2 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின். புதிதாகப் பெரிய இன்ஜின் உருவாக்கப் பணம் கிடையாது. பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரும் அவரது குழுவும் டர்போவை வேறு கோணத்தில் பார்த்தார்கள்.

அதுவரை எல்லோரும் கேட்ட கேள்வி, "டர்போ போட்டால் அதிகபட்சம் எவ்வளவு சக்தி கிடைக்கும்?" ஸாப் கேட்டது, "ஒருவர் தினமும் ஓட்டும் சுற்றுகளில் எவ்வளவு இழுவை கிடைக்கும்?"

இரண்டும் வேறு வேறு கேள்விகள். குதிரைத்திறன் என்பது காரின் உச்ச வேகத்தைச் சொல்வது. டார்க், அதாவது மெக்கானிக்குகள் இழுவை என்பது, லாரியை முந்தும்போதும் மேட்டில் ஏறும்போதும் முதுகு உணர்வது. சின்ன டர்போ போட்டால் அது சீக்கிரம் வேகம் பிடிக்கும். அதிக சுற்றில் அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க, உபரிப் புகையை வேறு வழியில் வெளியேற்றும் ஒரு வால்வு. வேஸ்ட்கேட் என்று பெயர். 1977-ல் அறிமுகமான ஸாப் 99 டர்போவில் 145 குதிரைத்திறன்தான். பி.எம்.டபிள்யூ.வை விடக் குறைவு. ஆனால் 235 நியூட்டன் மீட்டர் டார்க் 3,000 சுற்றிலேயே கிடைத்தது. குடும்பத்தோடு போகலாம், பனியிலும் ஓட்டலாம், அவசரத்துக்கு முந்தலாம்.

அடுத்து 1980-களின் தொடக்கத்தில் ஸாப் ஒரு மின்னணுக் காதைப் பொருத்தியது. ஏ.பி.சி. என்று பெயர். நாக்கிங் தொடங்கும் அதிர்வை ஒரு சென்சார் கேட்டவுடன் டர்போவின் அழுத்தம் தானாகக் குறையும். மட்டமான பெட்ரோல் போட்டாலும் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். 1962-ல் ஓட்டுநரின் ஞாபகசக்தியிடம் விட்ட வேலையை இப்போது ஒரு சின்னப் பெட்டி எடுத்துக்கொண்டது.

ஆனாலும் தொல்லை தீரவில்லை. அந்தக் காலத்து டர்போ கார்களை வேகமாக ஓட்டிவிட்டு உடனே அணைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் ஐடிலில் விட வேண்டும். இல்லையென்றால் சூடான டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கருகி, பேரிங்கைத் தின்றுவிடும். டர்போவைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டுக் குளிரவைத்த பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

ஹோண்டாவின் பிடிவாதம்

இப்போது மறுபக்கம். ஹோண்டாவுக்கு டர்போ தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1982-லேயே ஜப்பானில் 1.2 லிட்டர் சிட்டி டர்போவை விற்ற கம்பெனி அது. 1988-ல் மெக்லாரன் காரில் இருந்த ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின், அந்த வருடத்தின் 16 ஃபார்முலா 1 பந்தயங்களில் 15-ஐ வென்றது. அடுத்த வருடமே ஃபார்முலா 1-ல் டர்போவுக்குத் தடை வந்தது.

அதே 1989-ல்தான் ஹோண்டாவின் விடெக் இன்ஜின் ஜப்பானில் இன்டெக்ரா காரில் வந்தது. அதிக சுற்றில் இன்ஜின் நன்றாக மூச்சுவிட வால்வுகள் அகலமாக, அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். ஆனால் அப்படி அமைத்தால் குறைந்த சுற்றில் இன்ஜின் இருமும், திணறும். அதனால் வடிவமைப்பாளர்கள் எப்போதும் நடுவில் ஒரு சமரசத்துக்கு வருவார்கள். ஹோண்டா சமரசம் செய்யவில்லை. ஒரே தண்டில் இரண்டு விதமான கேம்களை வைத்தது. மெதுவாகப் போகும்போது ஒன்று. குறிப்பிட்ட சுற்றைத் தாண்டினால் ஆயில் அழுத்தத்தில் ஒரு பின் நகர்ந்து மற்றதை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் கிடைத்தது. அதாவது லிட்டருக்கு 100. 1997-ன் முதல் சிவிக் டைப் ஆர், அதே 1.6 லிட்டரில் 185. 1999-ன் எஸ்2000, 2 லிட்டரில் 250, எல்லை 9,000 சுற்று. எல்லாமே டர்போ இல்லாமல்.

இந்தக் கார்களை ஓட்டியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தது குதிரைத்திறனை அல்ல, பதிலை. பாதம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் இன்ஜின் அந்த ஒரு மில்லிமீட்டருக்கு, அந்தக் கணமே பதில் சொல்லும். நடுவில் சக்கரம் சுற்றி அழுத்தம் ஏறக் காத்திருக்க வேண்டியதில்லை. சுற்று ஏற ஏற சத்தம் மாறும், சக்தியும் அதோடு ஏறும். உச்சத்தை அடைய ஓட்டுநர் உழைக்க வேண்டும், சரியான கியரில் இருக்க வேண்டும். உழைத்தவருக்குத்தான் பலன்.

குறையும் அங்கேதான் இருந்தது. எஸ்2000-ன் உச்ச டார்க் 218 நியூட்டன் மீட்டர், 7,500 சுற்றில். அலுவலகம் போகும் வழியில் 7,500 சுற்றை யார் தொடுவார்கள்? சிக்னலிலிருந்து கிளம்பி, பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, மறுபடி கிளம்பும் வாழ்க்கை 1,500-க்கும் 3,000-க்கும் இடையில் நடப்பது. அங்கே இந்தக் கார்கள் சாதாரணக் கார்கள்தான்.

கணக்கு மாறிய 2004

2004-ல் ஃபோக்ஸ்வேகன் ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ காரைக் கொண்டுவந்தது. 1976-ல் முதல் ஜிடிஐ டர்போ இல்லாமல், 1.6 லிட்டரில் 110 குதிரைத்திறனோடு வந்து, தினசரி ஸ்போர்ட்ஸ் கார் என்ற வகைக்கே இலக்கணம் எழுதியது. புதியதில் 2 லிட்டர் டர்போ, 200 குதிரைத்திறன். அதைவிட முக்கியம், 280 நியூட்டன் மீட்டர் டார்க் 1,800 சுற்றிலிருந்து 5,000 வரை மேஜை போல சமமாக நின்றது.

இது எப்படி முடிந்தது? பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளித்தார்கள். அது ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்கிறது. ஜெட்ஃபயரின் தண்ணீர் செய்த வேலையை இப்போது பெட்ரோலே செய்தது. எனவே அழுத்த விகிதத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பி.எம்.டபிள்யூ.வில் 6.9 ஆக இருந்தது இங்கே 10-ஐத் தாண்டியது. டர்போ விழிக்காத நேரத்திலும் இன்ஜின் சுறுசுறுப்பாக இருந்தது. ஸாப் 1977-ல் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க 27 வருடம் ஆனது.

நீதிபதி யார்?

இதோடு நின்றிருந்தால் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் விற்றிருக்கும். பிடித்ததை அவரவர் வாங்கியிருப்பார்கள். ஆனால் 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி போட்டது. புதிய கார்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு 2015-க்குள் சராசரியாக கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள் வர வேண்டும். பிறகு அது 95 கிராம் ஆனது. மீறினால் அபராதம்.

அளந்தது எப்படி? ஆய்வகத்தில், உருளைகளின் மேல் காரை நிறுத்தி, சுமார் 20 நிமிடச் சோதனை. அதில் 0-விலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 வினாடி. டவுன் பஸ்கூட இதைவிட விறைப்பாகக் கிளம்பும்! இவ்வளவு மெதுவாக ஓட்டும்போது சின்ன இன்ஜின் குறைவாகக் குடிக்கும். உராய்வு குறைவு, காற்றை உறிஞ்சுவதில் வீணாகும் சக்தியும் குறைவு. டர்போ கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கும். ஆக, சோதனையில் சின்ன இன்ஜினின் மைலேஜ், சாலையில் பெரிய இன்ஜினின் சக்தி. கம்பெனிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உண்மைச் சாலையில் டர்போவை விழிக்க வைத்து ஓட்டினால் கதை வேறு. சூட்டைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோலைக் கொட்டும் இன்ஜின்கள் பல. ஆய்வகக் கணக்குக்கும் சாலைக் கணக்குக்கும் இடைவெளி வருடா வருடம் அகன்றது. 2017-லிருந்து இன்னும் கடுமையான புதிய சோதனையை ஐரோப்பா கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. பி.எம்.டபிள்யூ. எம்5 தன் வி10 இன்ஜினைக் கைவிட்டு 2011-ல் டர்போ வி8-க்கு வந்தது. 2015-ல் சாதாரண 911 கரேராவுக்கும் டர்போ வந்தது. அதே வருடம் டைப் ஆர்.

இந்தியாவும் விலக்கல்ல. இங்கே தீர்ப்பு சொன்னது வரி. 4 மீட்டருக்குள் நீளம், 1,200 சிசி-க்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் வரி குறைவு. அந்த வேலிக்குள் வேகமான கார் செய்ய டர்போதான் எளிய வழி. 2013-ன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 லிட்டர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகி 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் வெறும் 1 லிட்டர், 120 குதிரைத்திறன்.

தோற்றது எது?

நியாயமாகப் பார்த்தால், தினசரி ஓட்டத்துக்கு டர்போ ஜெயித்ததில் தவறில்லை. 2015 டைப் ஆர் 400 நியூட்டன் மீட்டரை 2,500 சுற்றில் கொடுத்தது. பழையது 193-ஐ 5,600 சுற்றில் கொடுத்தது. தினமும் கார் ஓட்டுகிறவருக்கு எது உதவும் என்பதில் விவாதமே இல்லை.

ஆனால் ஒன்று தொலைந்தது. அது எதுவென்று கம்பெனிகளின் நடத்தையே காட்டிக்கொடுத்தது. 2011-ன் எம்5-ல் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் காருக்குள் ஒலிக்கவிட்டார்கள். வேண்டாத பொருளுக்கு யாரும் போலி செய்வதில்லை. போர்ஷே 2016-ல் கேமன், பாக்ஸ்டர் கார்களின் ஆறு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு நாலு சிலிண்டர் டர்போ போட்டது. வேகம் கூடியது, ஆனால் சத்தத்தைப் பற்றிப் புகார்கள் குவிந்தன. 2020-ல் ஜிடிஎஸ் வகையில் டர்போ இல்லாத 4 லிட்டர் ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது. டொயோட்டா 86 கார் 2012-ல் டர்போ இல்லாமல் வந்து, குறைந்த சுற்றில் இழுவை போதவில்லை என்று பேச்சு வாங்கியது. 2021-ல் அடுத்த தலைமுறை வந்தபோது டொயோட்டாவும் சுபாருவும் அதற்கு டர்போ போடவில்லை. இன்ஜினை 2.4 லிட்டராகப் பெரிதாக்கினார்கள். பழைய வழி, நுரையீரலைப் பெரிதாக்கும் வழி. மாஸ்டா எம்எக்ஸ்-5-ம் 2018-ல் அதே 2 லிட்டர் இன்ஜினை இன்னும் அதிக சுற்றுக்குத் தயார் செய்து 184 குதிரைத்திறனைத் தொட்டது.

ஹோண்டா கட்சி மாறியதற்கான பதில் இப்போது தெளிவு. இரண்டு காரணமும் உண்மை. டர்போ நல்ல இன்ஜின் ஆகிவிட்டிருந்தது, ஸாப் தொடங்கிய வேலையால். அதே நேரம், மற்றதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை விதிகள் சுருக்கிவிட்டன. சோதனைச்சாலை கிராம்களை எண்ணும், வரி அதிகாரி சிசி-யை எண்ணுவார், விளம்பரம் குதிரைத்திறனை எண்ணும். பாதத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு கணத் தாமதத்தை எண்ண மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. கட்டத்தில் இல்லாத பொருள் முதலில் காணாமல் போகும். கார் விஷயத்தில் மட்டுமல்ல.